அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஆக பி.ஏ. இலக்கியமா, கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷா? தமிழ் வழியில் படித்தவருக்கு எது சரி?

பாலாற்றங்கரை:

வணக்கம். என் தங்கை ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவள். ஆங்கில ஆசிரியை ஆகவேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். கல்லூரி விண்ணப்பம் போடும் நேரம். ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றில் பி.ஏ. கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் இருக்கிறது. "பேசக் கற்றுக்கொடுப்பார்கள், இதில் சேர்" என்று சிலர் சொல்கிறார்கள்.

எதில் சேர்த்தால் பின்னால் ஆசிரியர் தேர்வு வாரியத்தில் (டி.ஆர்.பி.) சிக்கல் வராது? பி.எட். முதலிலா, எம்.ஏ. முதலிலா? டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) ஆங்கிலத்துக்கு எப்படி இருக்கும்? தமிழ் வழியில் வந்த பிள்ளை முதல் வருடமே திணறாமல் இருக்க என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

தம்பி, சேர்வதற்கு முன்னாலேயே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். இந்தக் கேள்வி பெரும்பாலும் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் வருகிறது. அப்போது யாராலும் உதவ முடியாது.

முதலில் பட்டத்தின் பெயர். டி.ஆர்.பி. கேட்பது "பி.ஏ. ஆங்கிலம் அல்லது அதற்கு இணையானது". கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், ஃபங்ஷனல் இங்கிலீஷ், கணினிப் பயன்பாட்டோடு சேர்ந்த ஆங்கிலம் என்று பெயர் மாறும்போதெல்லாம், அது பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானது என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருக்க வேண்டும். அந்த அரசாணை பொத்தாம்பொதுவாக வராது. இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பட்டம் என்று குறிப்பிட்டுத்தான் வரும். ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபங்ஷனல் இங்கிலீஷுக்கு அரசாணை இருப்பதாலேயே இன்னொரு பல்கலைக்கழகத்தின் அதே பெயர்ப் பட்டமும் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே பக்கத்துக் கல்லூரிக்குப் போய், "இணைத்தன்மை அரசாணை எண், தேதி என்ன, நகல் கிடைக்குமா?" என்று அலுவலகத்திலேயே கேளுங்கள். நகல் கையில் வந்தால் தைரியமாகச் சேருங்கள். "அதெல்லாம் செல்லும்மா, போன வருஷம் பசங்க வேலைக்குப் போனாங்க" என்று வாய்ப்பேச்சாக வந்தால் இலக்கியப் பட்டத்துக்கே போய்விடுங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை.

அடுத்து, எந்த வகுப்புக்கு எந்தப் படிப்பு என்பதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 1 முதல் 5 வரை இடைநிலை ஆசிரியர். அதற்கு வேண்டியது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, பி.ஏ. அல்ல. 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர், பி.ஏ., பி.எட்., கூடவே டெட் இரண்டாம் தாள். 11, 12க்கு முதுகலை ஆசிரியர், எம்.ஏ., பி.எட்., அதற்கு டெட் கிடையாது. முதுகலைப் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தொடக்க அடிப்படை ஊதியம் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900. வித்தியாசம் 500 ரூபாய்தான். அதனால் ஊதியத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கப் பிடிக்குமா, பிளஸ் டூவுக்குப் பாடம் நடத்தப் பிடிக்குமா என்று தங்கையிடமே கேளுங்கள்.

பி.எட்.டா எம்.ஏ.வா என்றால், என் கருத்து பி.எட். முதலில். அதை முடித்தாலே பட்டதாரி ஆசிரியர் பணிக்கான கல்வித் தகுதி வந்துவிடுகிறது, டெட் எழுதிக்கொண்டே எம்.ஏ. படிக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே வருடத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். பி.எட்.டில் வருகைப்பதிவு கண்டிப்பு. ஒரே கல்வியாண்டில் இரண்டு சான்றிதழ் வந்தால் சரிபார்ப்பில் கேள்வி எழலாம், பதில் சொல்லி அலைய வேண்டியிருக்கும்.

ஒலியன்:

மேலே அண்ணன் சொன்னது வேலைக்கான பாதை. நான் படிப்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் மேஜர் தாள்களில் பெரும்பகுதி இலக்கியம். சாசர் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த், அப்புறம் அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில எழுத்து, விமர்சனம் என்று போகும். மொழியைப் பற்றிய தாள்கள் இரண்டு மூன்றுதான்: ஆங்கில மொழி வரலாறு, மொழியியலும் ஒலியியலும், சில இடங்களில் மொழி கற்பித்தல். பள்ளிக்கூடத்தில் தினமும் கைகொடுக்கப்போவது இந்த இரண்டு மூன்றுதான். ஆனால் மாணவர்கள் "தியரி பேப்பர், மார்க் வராது" என்று கடைசி வாரத்தில் தொடுவதும் இவற்றைத்தான். தங்கையிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

ஒலியியல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். ஆட்டுக்கு உரிய ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதுங்கள்: கோட். மேலே போடும் அங்கிக்கு உரியதை எழுதுங்கள்: அதுவும் கோட். தமிழில் ககரம் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து ஒலி மாறும், பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அந்த ஒலி வித்தியாசம்தான் பொருளையே மாற்றுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைத்துப் படிக்கும்போது, இந்த வித்தியாசம் அந்த இடத்திலேயே காணாமல் போகிறது. க, ச, ட, த, ப ஐந்துக்கும் இதே கதை. இதை அறிந்த ஆசிரியர் தொண்டையில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். அறியாதவர் "சரியா சொல்லு, சரியா சொல்லு" என்று பத்து முறை சொல்லவைப்பார்.

இறந்தகால விகுதியும் அப்படித்தான். நடந்தான் என்பதற்கு உரிய சொல்லைப் பிள்ளைகள் "வாக்கெட்" என்பார்கள், விளையாடினான் என்பதற்கு "பிளேயெட்". எழுத்தைப் பார்த்து வாசிப்பதால் வரும் பிழை. அது "வாக்ட்", "பிளேட்" என்று ஓரசையாகவே நிற்கவேண்டும். வினைச்சொல் ஏற்கெனவே டகர ஒலியில் முடிந்தால் மட்டும் இன்னோர் அசை கூடும்: "வான்டிட்", "நீடிட்". விதி இவ்வளவுதான்.

இலக்கணத்திலும் பிழை எங்கிருந்து முளைக்கிறது என்று தமிழுக்குள் தேடினால் கிடைக்கும். "அவர் ஆசிரியர்" என்பது தமிழில் முழு வாக்கியம். இடையில் வினை தேவையில்லை. அதனால்தான் "ஹி டீச்சர்" என்று எழுதுகிறார்கள். கேள்வி கேட்கும்போது தமிழில் சொல் வரிசை மாறாது, அதனால் "வேர் யூ ஆர் கோயிங்" வருகிறது. நம் "இல்" ஒன்றே போதும். அங்கே இன், ஆன், அட் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுட்டிடைச்சொல்லான "தி" நம்மிடம் இல்லவே இல்லை. ஆகவே ஆங்கிலம் படிக்கும் மூன்று வருடமும் தங்கை தமிழ் இலக்கணத்தை விட்டுவிடக் கூடாது. பகுதி ஒன்றில் வரும் தமிழ்த் தாளைக் கடமைக்கு எழுதாமல், வேற்றுமையையும் எச்சங்களையும் நன்றாகப் படிக்கட்டும். தமிழ் வழியில் வந்ததைக் குறை என்று நினைக்கவே வேண்டாம். தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் இந்தப் பிழைகளின் வேர் தெரியும்.

முதல் வருடத் திணறல் பற்றி. பெரும்பாலான கல்லூரிகளில் அகமதிப்பீடு 25, பருவத்தேர்வு 75. தேர்ச்சிக்கு 40 போதும் என்பதால் கைடு வாங்கி மனப்பாடம் செய்து தாண்டிவிடலாம். அங்கேதான் ஆபத்து. அப்படித் தாண்டியவர் மூன்றாம் வருடம் முடிந்தும் சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதத் தடுமாறுகிறார். மாற்றாகச் செய்யவேண்டியது சின்னதுதான். தினமும் பாடநூலில் இரண்டு பக்கம் வாய்விட்டு வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து, திரும்பக் கேட்கவேண்டும். நடத்திய பாடத்தைப் பற்றி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, 100 சொல்லில் ஒரு பத்தி எழுதவேண்டும். வாரத்துக்கு ஒன்றையாவது ஆசிரியரிடம் கொடுத்துச் சிவப்பு மை வாங்கவேண்டும். பிழைகளை ஒரு தனி நோட்டில் குறித்து வந்தால், பத்துப் பன்னிரண்டு பிழைகளே திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவற்றைத் தீர்த்தாலே எழுத்து நிமிர்ந்துவிடும். அகராதி வேண்டும், உச்சரிப்பைக் குறியீட்டில் தரும் ஆங்கில–ஆங்கில அகராதியாக இருக்கட்டும். 44 ஒலிகளின் குறியீடுகளை, உயிர் 20, மெய் 24, முதல் பருவத்திலேயே பழகிவிட்டால் எந்தச் சொல்லுக்கும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

பாலாற்றங்கரை:

இருவருக்கும் நன்றி. "கோட்" உதாரணத்தைத் தங்கையிடம் காட்டினேன், இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கம்யூனிகேட்டிவ் படிப்புக்கு அரசாணை நகல் கேட்டுவிட்டு முடிவு செய்கிறோம். டெட் பற்றியும், பி.எட். எங்கே, எப்படி என்பதையும் யாராவது விளக்க முடியுமா? வகுப்புக்குப் போகாமலே வெளிமாநிலத்தில் பி.எட். முடிக்கலாம் என்று ஒருவர் வந்து பேசினார்.

மூன்றாம் மணி:

அந்த ஆளிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு வருடம், நேரடி வகுப்பு. பாடங்களுக்கு 80 சதவீத வருகை, பள்ளியில் செய்யும் பயிற்சிக்கு 90 சதவீதம். தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்து, தொடக்கப் பள்ளியில் பணியில் இருப்பவர்களுக்கானது. உங்கள் தங்கைக்குப் பொருந்தாது. வருகையே இல்லாமல் வாங்கிய சான்றிதழ் பல்கலைக்கழகத்துக்கு உண்மைத்தன்மை கேட்டுப் போகும்போது மாட்டிக்கொள்ளும். போகும் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் போகும் வருடங்கள்.

அரசு, அரசு உதவிபெறும் கல்வியியல் கல்லூரிகளுக்கு ஒற்றைச் சாளர முறையில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் குறைவு, போட்டி அதிகம். சென்னையில் சைதாப்பேட்டை கல்வியியல் கல்லூரியும், பெண்களுக்கு லேடி வெலிங்டனும் பழமையானவை. பட்டத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி. 45, எம்.பி.சி. 43, எஸ்.சி., எஸ்.டி. 40. ஆனால் இடம் கிடைப்பது இந்த எல்லையில் அல்ல, தரவரிசையில். அதனால் பி.ஏ.வில் ஒவ்வொரு பருவத்து மார்க்கும் கணக்குதான். தனியார் கல்லூரி என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழும அங்கீகாரமும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் அந்த வருடத்துக்கு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

டெட் இரண்டாம் தாள் பற்றி ஆங்கிலம் படிப்பவர்கள் தவறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. 150 கேள்வி, 150 மதிப்பெண். அதில் ஆங்கிலம் 30 மட்டுமே. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30. மீதி 60க்கு கணக்கு–அறிவியல் அல்லது சமூக அறிவியல் எடுக்கவேண்டும். கலைப்பிரிவு மாணவர்கள் பெரும்பாலும் சமூக அறிவியல்தான் எடுக்கிறார்கள். அதாவது ஆங்கில ஆசிரியர் ஆக, ஆங்கிலத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பெண்ணுக்கு வரலாறு, புவியியல், குடிமையியல் படிக்கவேண்டும்! பொதுப்பிரிவுத் தேர்ச்சி 90. ஆங்கிலத்தில் 30க்கு 28 எடுத்தும் சமூக அறிவியலில் 20ஐத் தாண்டாமல் 82, 85இல் நிற்பவர்கள் ஏராளம். 6 முதல் 10 வரை சமச்சீர் சமூக அறிவியல் புத்தகங்களை பி.ஏ. இரண்டாம் வருட விடுமுறையிலிருந்தே வாசிக்கத் தொடங்கட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஒரு கேள்வியையும் விடாமல் எழுதவேண்டும்.

டெட் தேர்ச்சி வாழ்நாளுக்கும் செல்லும், ஆனால் அதுவே வேலை அல்ல. 2018ஆம் ஆண்டு அரசாணை 149க்குப் பிறகு, பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு. 2024 பிப்ரவரியில் நடந்த தேர்வில் பாடத்துக்கு 150 கேள்விகள். அதற்கு முன்பாகத் தமிழ் தகுதித் தேர்வு 50 மதிப்பெண்ணுக்கு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் பாட விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஒலியன் தமிழை விடாதே என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முதுகலை ஆசிரியர் தேர்வில் 150இல் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. பி.ஏ.வில் படித்த இலக்கியம் முழுவதும் பலன் கொடுப்பது அந்த 110இல்தான். முதல் வருடக் குறிப்பு நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

பாடக்குறிப்பு:

பி.எட்.டுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்தபின் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது அங்கேதான்.

பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. அதற்கு முன் நுண்ணிலைக் கற்பித்தல் வரும். ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு 6 நிமிடம் நடத்துவது, 6 நிமிடம் குறை நிறை கேட்பது, 12 நிமிடம் மாற்றித் திட்டமிடுவது, மறுபடி 6 நிமிடம் நடத்துவது, மறுபடி 6 நிமிடம் கேட்பது என்று ஒரு சுற்று 36 நிமிடம். நடைமுறையில் பலரும் ரெக்கார்டு நோட்டை மட்டும் எழுதி நிரப்புகிறார்கள். தங்கை இதை உண்மையாகவே செய்யட்டும், முக்கியமாகக் கேள்வி கேட்கும் திறனை. "கவிதா, சொல்லு" என்று பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 39 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேள்வியை முதலில் போட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணி, அப்புறம் பெயரைச் சொல்லவேண்டும். கேட்கச் சுலபம். பழக்கத்தில் வர இரண்டு மாதமாவது ஆகும்.

40 நிமிடப் பீரியடில் பயிற்சி ஆசிரியர்கள் செய்யும் பெரிய தவறு, உரைநடையை வரிக்கு வரி வாசித்துத் தமிழில் அர்த்தம் சொல்வது. மணி அடிக்கும்போது ஆசிரியர் 35 நிமிடம் பேசியிருப்பார், பிள்ளை ஒரு வாக்கியம்கூடப் பேசியிருக்காது. 40 பேர் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பினால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். பக்கத்துப் பிள்ளையோடு ஜோடியாக ஐந்து நிமிடம் பேசவிட்டால் 20 பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். சத்தம் வரும், வரட்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால் போதும்.

எட்டாம் வகுப்புக்கு ஒரு பத்தியை இப்படி நடத்தலாம். புதுச்சொல் ஐந்து, மிஞ்சினால் ஆறு. கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதிக் கடைசிவரை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். வாசிக்கும் முன்பே இரண்டு கேள்வி எழுதிப்போட்டு, விடையைத் தேடி மௌனமாக வாசிக்கச் சொல்லவேண்டும், 4 நிமிடம். ஜோடியாக விடையை ஒப்பிடட்டும். அதன்பிறகுதான் ஆசிரியர் வாய்விட்டு வாசிப்பது. பிள்ளை பேசும்போது குறுக்கே புகுந்து திருத்தக் கூடாது. பிழையைக் குறித்துவைத்துக் கடைசி ஐந்து நிமிடத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், பலகையில் போட்டு வகுப்பையே திருத்தவிடவேண்டும். தமிழை எங்கே பயன்படுத்துவது? ஒரு சொல்லுக்குத் தமிழில் சொன்னால் இரண்டு விநாடியில் முடியும் என்றால் சொல்லிவிட்டு நகரலாம். முழுப் பத்தியையும் மொழிபெயர்த்துவிட்டால், பிள்ளை ஆங்கிலத்தைப் படிக்கவேண்டிய தேவையே போய்விடுகிறது.

கல்வியியல் தாளில் என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கற்பித்தல் அறிஞரின் பெயர் வரும். மனப்பாடக் குறிப்பாகக் கடந்துபோகாமல் ஊன்றிப் படிக்கச் சொல்லுங்கள். 1979 முதல் 1984 வரை அவர் நடத்திய பெங்களூர் திட்டம் நம் பக்கத்துப் பள்ளிகளில், நெரிசலான சாதாரண வகுப்புகளில் நடந்தது; சென்னையிலும் நடந்தது. இலக்கணத்தை நேராகச் சொல்லிக்கொடுக்காமல், கால அட்டவணை, வரைபடம் என்று கையில் கொடுத்து ஒரு கணக்கைத் தீர்க்கவைப்பது அவர் முறை. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் எழுதியிருக்கும் நேரப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "காலை 9 மணிக்குள் வேலூரில் இருக்கவேண்டும், எந்த பஸ்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் ஏழாம் வகுப்பு முழுப் பீரியடும் ஓடும். செலவு எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. 16 வாரப் பயிற்சிக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கல்லூரி கொடுத்தால், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் 6ஆம் வகுப்பிலிருந்து 10 வரை இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியாகப் பாருங்கள். பொதுத்தேர்வு என்று பத்தாம் வகுப்பைப் பல பள்ளிகள் பயிற்சி ஆசிரியரிடம் விடமாட்டார்கள். 6, 7ஆம் வகுப்புகளைக் கேட்டு வாங்கலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள்.

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை இரண்டு கல்லூரி அலுவலகத்துக்கும் போகிறோம். அரசாணை எண் கிடைத்தால் இங்கேயே பதிவிடுகிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்.

கரும்பலகை:

எண்ணோடு தேதியும், பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்கவேண்டும் தம்பி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் தேடிப் பார்க்க முடியாது. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தாலும் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான். பட்டச் சான்றிதழில் பாடத்தின் பெயர் எப்படி அச்சாகும் என்று, போன வருடம் முடித்தவர்கள் யாருடைய சான்றிதழ் நகலையாவது காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயரும் இருப்பது உண்டு.